மடக்குக் கத்தியின் லூஸ் ஸ்க்ரூ: சந்தூர் நாற்றங்காலில் ஒரு நிகழ்வு ஆய்வு

மடக்குக் கத்தியில் ஸ்க்ரூ லூஸானால் பெரும்பாலோர் செய்வது ஒன்றுதான். கைக்கு அகப்பட்ட திருப்புளியால் ஒரு முறுக்கு முறுக்கிவிட்டு, சரியாகிவிட்டது என்று பாக்கெட்டில் போட்டுக்கொள்வார்கள். கொஞ்ச நாளில் திரும்ப ஆடும், திரும்ப முறுக்குவார்கள். இப்படியே போய் ஒருநாள் தலை மழுங்கும், இல்லாவிட்டால் மரை போய்விடும். எந்த ஸ்க்ரூ, எதனால் கழல்கிறது என்று பார்த்துவிட்டு முறுக்கினால் இந்தத் தொல்லையில் பெரும்பகுதி வரவே வராது. சந்தூரில் இருந்து என்னிடம் வந்த ஒரு கத்தியில் இதைத் தெளிவாகப் பார்க்க முடிந்தது. அதனால் ஆரம்பத்தில் இருந்து கடைசி வரை எழுதுகிறேன்.

கத்தியும் அதன் வேலையும்

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் மாந்தோப்பு வைத்தவர்களுக்குப் போச்சம்பள்ளி பக்கத்துச் சந்தூரைத் தெரியாமல் இருக்காது. மாங்கன்று என்றால் அங்கேதான் போவார்கள். பெங்களூரா, அல்போன்சா, செந்தூரா, நீலம், மல்கோவா எல்லாம் அங்கே ஒட்டுக்கன்றாகக் கிடைக்கும். அந்த ஊரில் நாற்றங்கால் வைத்திருக்கும் ஒருவர் எனக்கு மாமா முறை. சிறு வயதில் இருந்தே ஒட்டு கட்டுகிறவர். நான் ஓசூரில் ஒரு தொழிற்சாலையின் அசெம்பிளி பிரிவில் வேலை பார்க்கிறேன். எந்த போல்ட்டை எவ்வளவு முறுக்க வேண்டும், முறுக்கியது நிற்கிறதா என்று பார்ப்பதுதான் அங்கே என் வேலை. மாமா அதை மனதில் வைத்துத்தான் கத்தியை நீட்டினார்.

"மாப்ள, நாள் முழுக்க நட்டு போல்ட்டோடதான இருக்க. இத ஒரு கண்ணு பாரு. டைட் பண்ணா நிக்க மாட்டேங்குது."

மகன் ஆன்லைனில் வாங்கிக் கொடுத்த கத்தி அது. நிறுவனத்தின் பெயர் இங்கே வேண்டாம். அலகு 8 செ.மீ. நீளம், டி2 என்ற எஃகு. கைப்பிடியின் இரு பக்கமும் ஜி10 பலகை, அதாவது கண்ணாடி நார்த் துணியை எப்பாக்ஸியில் அழுத்திச் செய்த கெட்டியான பலகை. அதற்கு உட்புறம் 1.2 மி.மீ. எஃகுத் தகடுகள். ஒரு பக்கத் தகட்டின் ஒரு கீற்று உட்புறம் வளைந்து, திறந்த அலகின் பின்னால் போய் முட்டிக்கொண்டு நிற்கும். லைனர் லாக் என்பது இதுதான். அலகு சுழலும் அச்சு ஸ்க்ரூவின் தலையில் டி8 அளவு டார்க்ஸ் குழி, அதாவது ஆறு முனை நட்சத்திர வடிவக் குழி. உடம்பை இறுக்கும் ஸ்க்ரூக்களும், பாக்கெட்டில் மாட்டும் கிளிப்பின் மூன்று ஸ்க்ரூக்களும் டி6. அலகின் இரு பக்கமும் வெண்கல வாஷர் ஒவ்வொன்று.

ஒட்டு கட்டுவதற்கென்றே ஒரு பக்கம் மட்டும் சாணை பிடித்த கத்தி தனியாக உண்டு, மாமாவிடமும் இருக்கிறது. ஆனாலும் இடுப்பிலோ பாக்கெட்டிலோ எப்போதும் இருப்பது இந்த மடக்குக் கத்திதான். சாக்கு பிரிப்பது, சணல் அறுப்பது, பாலிதீன் பட்டை கிழிப்பது, ஒட்டுக்குச்சி வெட்டுவது எல்லாம் இதில்தான். அவசரத்துக்கு ஒட்டின் ஆப்பு வெட்டும் இதிலேயே.

கத்தி ஆடுவது அவருக்கு ஏன் பெரிய விஷயம் என்பதைச் சொல்லிவிட வேண்டும். மென்தண்டு ஒட்டில் வேர்ச்செடியின் தண்டை நடுவில் பிளந்து, ஒட்டுக்குச்சியின் அடியை இரு பக்கமும் ஆப்பு போல் மூன்று, நான்கு செ.மீ. நீளத்துக்குச் சீவிச் செருக வேண்டும். அந்தச் சீவல் ஒரே இழுப்பில், தட்டையாக வர வேண்டும். மேடும் பள்ளமுமாக இருந்தால் குச்சியின் பட்டைக்கு அடியில் இருக்கும் உயிர்ப்படலமும் செடியின் உயிர்ப்படலமும் ஒட்டி உட்காராது, நடுவில் காற்று நிற்கும், குச்சி காய்ந்துவிடும். ஆடுகிற அலகு பக்கவாட்டில் அலைந்துகொண்டே வெட்டும். மற்றவர்களுக்கு வெறும் எரிச்சலாக இருக்கும் ஒரு லூஸ், இவருக்குச் செத்த கன்றாகக் கணக்காகிறது.

இதற்கு முன் நடந்தவை

முதலில் லூஸானது கிளிப். மாமா பைக்கில்தான் எங்கும் போவார். கிளிப் மாட்டிய கத்தி அந்த அதிர்வை முழுக்க வாங்கும். தடித்த பேன்ட் துணியில் இருந்து உருவும்போதெல்லாம் கிளிப் ஒரு நெம்புகோலாக ஸ்க்ரூக்களை அசைக்கும். மூன்றில் ஒன்று எங்கோ விழுந்துவிட்டது. மற்ற இரண்டும் பாரத்தைச் சேர்த்து வாங்கி, இன்னும் வேகமாகக் கழன்றன. கண்ணாடிக் கடைத் திருப்புளி மாதிரி ஒரு சின்னத் தட்டைத் திருப்புளியை டி6 குழிக்குள் குறுக்கே வைத்து முறுக்கியிருக்கிறார். ஆறு முனைக் குழியில் இரண்டு முனை மட்டும் பிடிக்க, குழி வட்டமாகிவிட்டது.

அப்புறம் அலகு ஆட ஆரம்பித்தது. அச்சை இறுக்கினால் திறக்கவே வரவில்லை. தளர்த்தினால் ஆட்டம். ஒரு பைக் பட்டறையில் எஞ்சின் ஆயிலை விட்டுக் கொடுத்தார்கள். லேசாகத் திறந்தது, ஆனால் லூஸாவது இன்னும் சீக்கிரமானது. கடைசியாக மகன் ஃபெவிக்விக் வைத்தார். ஒரு கிளிப் ஸ்க்ரூ அசையாமல் இறுகிப்போனது. அச்சில் வைத்த பசை ஒரு வாரம்கூட நிற்கவில்லை.

இந்த மூன்று முயற்சியிலும் உள்ள எண்ணம் நல்லதுதான். ஒவ்வொன்றும் அடுத்ததைக் கெடுத்தது என்பதுதான் பிரச்சினை. மரையில் எண்ணெய் இருந்தால் எந்தப் பசையும் பிடிக்காது. உடனடிப் பசை காய்ந்தால் நொறுங்கும் தன்மை கொண்டது, தட்டும் அதிர்ச்சியும் தாங்காது. ஆனால் சின்ன மரைக்குள் முழுக்க ஊறிவிட்டால், தலை மழுங்கிய ஸ்க்ரூவைக் கழற்ற விடாத அளவுக்கு மட்டும் பிடித்துக்கொள்ளும்.

முறுக்குவதற்கு முன் அளந்து பார்த்தது

கத்தியைத் திறந்து, கைப்பிடியை மேசை விளிம்பில் அழுத்திப் பிடித்து, நுனிக்குப் பக்கத்தில் ஸ்கேல் ஒன்றை வைத்து அலகைப் பக்கவாட்டில் லேசாகத் தள்ளிப் பார்த்தேன். இந்தப் பக்கம் ஒரு மில்லிமீட்டர், அந்தப் பக்கம் ஒரு மில்லிமீட்டர் போனது. பார்க்கப் பயமாக இருந்தாலும் அச்சில் இருந்த இடைவெளி மிகச் சிறியது. வாஷரின் அகலம் சுமார் 10 மி.மீ., நுனி 80 மி.மீ. தள்ளி இருக்கிறது. அச்சில் உள்ள இடைவெளி நுனியில் எட்டு மடங்காகத் தெரியும். ஒரு பக்கம் 1 மி.மீ. என்றால் அச்சில் 0.125 மி.மீ. அச்சு ஸ்க்ரூவின் மரை எம்3, அதாவது 3 மி.மீ. விட்டம், ஒரு முழுச் சுற்றுக்கு 0.5 மி.மீ. நகரும். ஆக, அந்த ஸ்க்ரூ கால் சுற்றுதான் கழன்றிருக்கிறது. முறுக்கிப் பார்த்தபோது கால் சுற்றில் ஆட்டம் நின்றது, கணக்கு சரியாக வந்தது.

இதில் இருந்து ஒரு முக்கியமான விஷயம் தெரிகிறது. அச்சு ஸ்க்ரூவை மற்ற ஸ்க்ரூக்களைப் போல முழுக்க இறுக்க முடியாது. இறுக்கினால் அலகு சுழலாது. அரைக்கால் சுற்று, அதாவது எட்டில் ஒரு சுற்று, என்பது 0.06 மி.மீ., மெல்லிய தலைமயிரின் கனம். ஆட்டத்துக்கும் இறுக்கத்துக்கும் நடுவில் அவ்வளவுதான் இடம். ஒரு ஸ்க்ரூவைக் கழலாமல் பிடித்து வைப்பது, இறுக்கும்போது அது சிறிது நீண்டு, திரும்பச் சுருங்கப் பார்க்கும் இழுவிசைதான். அச்சு ஸ்க்ரூவுக்கு அந்த இழுவிசையைக் கொடுக்கவே முடியாது. எனவே இது கழலத்தான் பார்க்கும், வேறு வழியில் பூட்டியாக வேண்டும்.

மற்ற ஸ்க்ரூக்களுக்கும் இழுவிசை அதிகம் கிடைப்பதில்லை. நீளமான போல்ட் நன்றாக நீளும், அதனால் கொஞ்சம் தளர்ந்தாலும் பிடி மிச்சம் இருக்கும். நான்கு மி.மீ. ஸ்க்ரூ எவ்வளவு நீளப் போகிறது? அடியில் ஒரு தூசி நசுங்கினாலே இருந்த பிடியெல்லாம் போய்விடும். மேலும் பக்கவாட்டு அசைவுதான் ஸ்க்ரூவுக்கு எமன். 1969இல் ஜெர்மன் பொறியாளர் கெர்ஹார்ட் யுங்கர் இதைச் சோதனையில் காட்டினார். போல்ட்டின் நீளவாக்கில் குலுக்குவதைவிட, இறுக்கிப் பிடித்த இரண்டு பாகங்களும் குறுக்கே வழுக்கும்படி குலுக்கினால் மரையில் உள்ள உராய்வு கைவிட்டு, போல்ட் தானாகவே சுழன்று கழன்றுவிடும். கிளிப்புக்கு நடப்பது அப்படியே இதுதான்.

சரி, அச்சு கழல்வது எதனால்? இதற்கு வெள்ளை பெயின்ட் மார்க்கர் போதும். எங்கள் அசெம்பிளி வரிசையில் முறுக்கிய போல்ட்டின் தலையில் இருந்து பக்கத்து உலோகத்துக்கு ஒரு கோடு இழுத்து வைப்போம். போல்ட் அசைந்தால் கோடு இரண்டாக உடைந்து காட்டிக்கொடுக்கும். அச்சைச் சரியான அளவுக்கு முறுக்கி, லாக் ஒழுங்காக வந்து உட்காருகிறதா என்று பார்த்துவிட்டு, அச்சின் இரண்டு பக்கத் தலையிலும் கைப்பிடிக்கும் சேர்த்து மெல்லிய கோடு போட்டேன். கிளிப்பில் இருந்த ஸ்க்ரூக்களிலும் போட்டேன். "எப்பவும் போல வேலை பாருங்க மாமா. விரலை மட்டும் மடங்குற வழியில வைக்காதீங்க" என்று சொல்லிக் கொடுத்தனுப்பினேன்.

வேலை முடிந்து வந்த கத்தியில் கோடுகள் பேசின. ஸ்க்ரூ பக்கத்துக் கோடு அசையவில்லை. மறுபக்கத்தில், வெறும் அலங்காரத் தலை போலத் தெரியும் பக்கத்தில், கோடு கிட்டத்தட்ட கால் வட்டம் திரும்பிப் போயிருந்தது.

அச்சு என்பது ஒரே துண்டு இல்லை. ஒரு பக்கத்தில் இருந்து உள்ளே துளையும் மரையும் உள்ள குழல் வரும். எதிர்ப்பக்கத்தில் இருந்து ஸ்க்ரூ வந்து அதற்குள் இறங்கும். கவனமாகச் செய்த கத்திகளில் குழலின் ஒரு பக்கம் தட்டையாகச் சீவப்பட்டிருக்கும், தகட்டின் துளையும் அதே வடிவத்தில் இருக்கும். அதனால் குழல் சுழலாது. இந்தக் கத்தியில் துளை வெறும் வட்டம். அலகைத் திறக்க மூடக் குழலும் கூடவே சுழல்கிறது, எதிர்ப்பக்கத்து ஸ்க்ரூ நின்ற இடத்தில் நிற்கிறது. ஒரு திசையில் சுழலும்போது மரை இறுகும், மறு திசையில் தளரும். இறுக்க வேண்டிய விசையைவிடத் தளர்த்த வேண்டிய விசை எப்போதும் குறைவு. அதனால் போக்கிலும் வரத்திலும் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ச்சிப் பக்கமே மிஞ்சும். மாமா ஸ்க்ரூவை எத்தனை முறை இறுக்கினாலும் கழன்றது இதனால்தான். கழற்றியது மறுபக்கம்.

அலகு குழலைப் பிடித்து இழுத்துச் சுழற்றுகிறது என்றால் இரண்டுக்கும் நடுவில் ஏதோ பற்றிக்கொண்டிருக்கிறது. அதைக் கத்தியைப் பிரித்தால்தான் பார்க்க முடியும்.

பிரித்தது

டார்க்ஸ் பிட் வாங்குவது பற்றி ஒரு வார்த்தை. கடையில் ஸ்டார் திருப்புளி என்று கேட்டால் நான்கு முனை பிலிப்ஸைத்தான் எடுத்துத் தருவார்கள். டார்க்ஸ் டி6, டி8, டி10 என்று அளவைச் சொல்லியே கேட்க வேண்டும். மொபைல், லேப்டாப் ரிப்பேர் சாமான் விற்கும் கடைகளில் கிடைக்கும். டி6 முனையின் அகலம் 1.75 மி.மீ.தான் என்பதால் மட்டமான பிட்டில் முனை முறுக்கிக்கொண்டுவிடும், ஸ்க்ரூவையும் சேர்த்துக் கெடுக்கும். கத்தி வைத்திருப்பவர் பணம் செலவழிக்க வேண்டிய ஒரே சாமான் இதுதான் என்பேன். டி6 பிட் போகவில்லை என்று டி5 போடுவதும் கூடாது.

பசையில் இறுகிய கிளிப் ஸ்க்ரூவுக்குச் சூடுதான் மருந்து. சால்டரிங் அயர்ன் முனையைத் தலை மேல் அரை நிமிடம் வைத்தால் சூடு ஸ்க்ரூவுக்குள் மட்டும் இறங்கும். உடனடிப் பசை சூட்டில் இளகிவிடும். அந்தப் புகை கண்ணையும் மூக்கையும் எரிக்கும், அதனால் ஜன்னலைத் திறந்து வைத்துச் செய்ய வேண்டும். லைட்டரோ கேஸ் அடுப்போ காட்டுவது தப்பு. கைப்பிடி கருகும். அலகில் சூடு ஏறினால் அதற்கு ஆலையில் கொடுத்த பதமே போய்விடும். அப்புறம் எவ்வளவு சாணை பிடித்தாலும் கூர் நிற்காது.

வட்டமாகிப்போன குழிக்குள் ஒரு மெல்லிய ரப்பர் துண்டை வைத்து, அதன் மேல் டி6 பிட்டை நன்றாக அழுத்தித் திருப்பினேன். சூடு ஆறுவதற்குள் அசைந்து கொடுத்தது. கொடுக்காமல் இருந்திருந்தால் மெல்லிய ரம்பத்தால் தலையில் ஒரு கோடு அறுத்துத் தட்டைத் திருப்புளியால் எடுத்திருக்கலாம். டிரில் போடுவது எல்லாவற்றுக்கும் கடைசி.

அச்சின் இரண்டு பக்கமும் பிட் வைத்து, ஒன்றைப் பிடித்துக்கொண்டு மற்றதைத் திருப்பினால்தான் கழன்றது. கழற்றிய ஒவ்வொரு ஸ்க்ரூவையும் அது இருந்த இடத்தின் படத்தில் செருகி வைத்தேன். ஒரு அட்டையில் கத்தியைப் பேனாவால் வரைந்து, துளைகள் இருக்கும் இடத்தில் குத்தி வைத்துக்கொண்டால் போதும். கிளிப் ஸ்க்ரூவும் உடம்பு ஸ்க்ரூவும் பார்க்க ஒன்று போலவே இருக்கும், நீளம் வேறு.

உள்ளே கண்டது

குழலின் நடுப்பகுதி, அலகின் துளைக்குள் இருக்கும் பகுதி, பழுப்பாக இருந்தது. விரல் நகத்தால் வருடினால் சொரசொரப்பு தெரிந்தது. அலகின் துளைச் சுவரிலும் அதே பழுப்பு. டி2 எஃகில் குரோமியம் சுமார் 12 சதவீதம் உண்டு. ஆனால் கார்பனும் 1.5 சதவீதம் இருப்பதால், குரோமியத்தில் பெரும்பங்கு கார்பைடாகக் கட்டுண்டு கிடக்கிறது. துருவைத் தடுக்க மிஞ்சுவது கொஞ்சம்தான். கூர் நன்றாக நிற்கும், ஈரம் நின்றால் துரு வரும். மாமா ஒட்டு கட்டும்போது அவ்வப்போது கத்தியைப் பக்கெட் தண்ணீரில் முக்கித் துடைப்பார். அலகு துடைபடும். அச்சுக்குள் போன தண்ணீர் அங்கேயே நிற்கும்.

வாஷர்களின் மேல் கரும்பழுப்பில் ஒரு பசை. மாங்குச்சியின் பால், நாற்றங்கால் செம்மண், பட்டறை எண்ணெய் மூன்றும் சேர்ந்து மெழுகு மாதிரி ஆகியிருந்தது. மாம்பால் தோலில் பட்டாலே பொத்துவிடும் சாமான், உலோகத்தையும் சும்மா விடாது. எண்ணெய் இருந்ததால் மண் போகாமல் அங்கேயே ஒட்டிக்கொண்டது. அந்த மண் ஒரு வாஷரில் வட்ட வட்டமாகக் கீறல் போட்டிருந்தது.

கிளிப் பக்கம் இன்னொன்று. தொலைந்துபோன ஸ்க்ரூ இருந்த துளையில் மரையே இல்லை. எம்2 ஸ்க்ரூவின் மரை 0.4 மி.மீ. இடைவெளி, தகடு 1.2 மி.மீ. கனம். மொத்தம் மூன்று மரை வரிதான் பிடித்துக்கொள்ள இருக்கிறது. அதை முழங்கை பலத்தில் முறுக்கினால் மூன்றும் ஒரேயடியாக வழித்துக்கொண்டு போகும். எண்ணெய் இருந்தால் இன்னும் சுலபமாகப் போகும். உலர்ந்த ஸ்க்ரூவை முறுக்கும் விசையில் சுமார் பத்தில் ஒரு பங்குதான் இழுவிசையாக மாறுகிறது, மிச்சமெல்லாம் தலைக்கடியிலும் மரையிலும் உள்ள உராய்வுக்கே போய்விடும். எண்ணெய் அந்த உராய்வைக் குறைக்கும்போது, கைக்கு அதே முறுக்கு, மரைக்கு அதைவிடப் பெரிய இழுப்பு.

சரிசெய்தது

மண்ணும் மாம்பாலும் சோப்புத் தண்ணீரிலும் பழைய பல் பிரஷ்ஷிலும் போய்விட்டன. எண்ணெயைப் போக்கத்தான் பொறுமை வேண்டும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் ஸ்க்ரூக்களை ஊறவைத்து, மரைத் துளைகளைப் பல்குச்சியில் சுற்றிய துணியால், துணி வெள்ளையாக வரும் வரை துடைத்தேன். பசையின் மிச்சத்துக்கு அசிட்டோன். நெயில் பாலிஷ் அழிப்பான்களில் இருப்பது பெரும்பாலும் அதுதான். ஜி10 கைப்பிடி ஒரு துளி அசிட்டோனைத் தாங்கும். பிளாஸ்டிக் கைப்பிடி உள்ள கத்தியில் இதை ஸ்க்ரூவைத் தனியே கழற்றி வைத்துக்கொண்டுதான் செய்ய வேண்டும், பல பிளாஸ்டிக்குகள் அசிட்டோனில் கரையும்.

குழலை 1500 நம்பர் தண்ணீர் உப்புத்தாளால், அப்புறம் 2000 நம்பரால், விரலில் சுழற்றிச் சுழற்றித் தேய்த்தேன். நோக்கம் பழுப்பை எடுப்பது மட்டும். உலோகத்தைத் தேய்த்துக் குறைத்தால் துளைக்குள் குழல் ஆடும், அந்த ஆட்டத்தை எந்த ஸ்க்ரூவாலும் சரிசெய்ய முடியாது. கீறல் விழுந்த வாஷரைக் கண்ணாடி மேல் ஒட்டிய 2000 நம்பர் தாளில் எட்டு வடிவத்தில் லேசாகத் தேய்த்துச் சமப்படுத்தினேன்.

மரை போன கிளிப் துளையை 2.05 மி.மீ. டிரில்லால் பெரிதாக்கி, துளைக்குள் மரை வெட்டும் எம்2.5 டேப் ஓட்டினேன். கிளிப்பில் அந்த ஒரு துளையையும் கைப்பிடிப் பலகையின் துளையையும் அதற்கேற்பக் கொஞ்சம் விரிக்க வேண்டியிருந்தது. லேப்டாப் ரிப்பேர் கடையில் எம்2.5 ஸ்க்ரூ கிடைத்தது, ஆனால் நீளம் அதிகம். அப்படியே போட்டால் முனை தகட்டைத் தாண்டி உள்ளே நீட்டிக்கொண்டு அலகில் உரசும். புது ஸ்க்ரூ போட்ட கத்தி திறக்கச் சிரமப்பட்டால் பலர் அச்சைத்தான் சந்தேகப்படுவார்கள். முதலில் பார்க்க வேண்டியது இந்த நீட்டலை. முனையை அரத்தில் தேய்த்து, தகட்டின் உள்முகத்தோடு சமமாக நிற்கும்படி செய்தேன். சில அமெரிக்கக் கத்திகளில் எம்2 இருக்காது, 2-56 என்ற அங்குல மரை இருக்கும். விரலாலேயே இரண்டு சுற்று தடையில்லாமல் இறங்காத ஸ்க்ரூ அந்தத் துளைக்கு உரியது அல்ல.

இனி பூட்டுவது. கடைகளில் பொதுவாக லாக்டைட் என்றே சொல்லப்படும் மரை பூட்டும் திரவம். காற்று பட்டுக்கொண்டிருக்கும் வரை திரவமாகவே இருக்கும். காற்று இல்லாத இடத்தில் உலோகத்தோடு சேர்ந்திருந்தால் கெட்டியாகும். அதனால்தான் புது பாட்டிலிலும் பாதி காலியாக, காற்றோடு விற்கிறார்கள். 1950களில் அமெரிக்காவில் வெர்னான் கிரீபிள் என்ற வேதியியல் பேராசிரியர் உருவாக்கியது. ஊதா நிற 222 குறைந்த பிடி, நீல 243 நடுத்தரப் பிடி, சிவப்பு 271 நிரந்தரப் பிடி. கத்தியின் எம்2, எம்2.5 ஸ்க்ரூவுக்கு ஊதாவே போதும் என்பது என் தீர்மானமான கருத்து. நீலம் போட்டால், கழற்றும்போது டி6 குழி முதலில் தோற்கும் அபாயம் உண்டு. சிவப்பைக் கத்திப் பக்கமே கொண்டுபோகக் கூடாது, அதைக் கழற்ற 250 டிகிரி வரை சூடு வேண்டும். வேறு நிறுவனங்களின் நிறம் வேறாக இருக்கலாம், அதனால் பாட்டிலில் எழுதியிருக்கும் பிடியின் அளவைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

உடம்பு ஸ்க்ரூவிலும் கிளிப் ஸ்க்ரூவிலும் பல்குச்சி நுனியில் தொட்ட அளவு போதும், மரையின் நடுவில் ஒரு புள்ளி. அச்சில்தான் கவனம் வேண்டும். அதிகமானால் வழிந்து வாஷருக்குப் போய், அங்கே காற்றில்லாத இடுக்கில் உறைந்து, அலகையே பூட்டிவிடும். அதனால் குழலின் வெளிப்புறத்தில் மெல்லிசாக எண்ணெய் தடவி முதலில் அலகையும் வாஷரையும் கோத்துவிட்டு, கடைசியில் ஸ்க்ரூவின் மரையில் மட்டும், அதுவும் நுனியில் இரண்டு வரியைத் தள்ளி வைத்தேன். குழலுக்குள் எண்ணெய் போகாமல் பார்த்துக்கொண்டேன்.

இறுக்கும் வரிசையும் முக்கியம். அச்சை முதலில் கைக்கு வந்த அளவு, அப்புறம் உடம்பு ஸ்க்ரூக்களைக் குறுக்கும் நெடுக்குமாக, இரண்டு விரலில் திருப்புளியைப் பிடித்து நின்ற இடத்தில் நிறுத்துவது, அப்புறம் திரும்ப அச்சுக்கு. உடம்பு ஸ்க்ரூ இறுகும்போது தகடுகள் நெருங்கி அச்சின் கணக்கை மாற்றிவிடும் என்பதால் அச்சைக் கடைசியில்தான் முடிவு செய்ய வேண்டும். அரைக்கால் சுற்றுக்கும் குறைவாகத் திருப்பி, திறந்து மூடி, நுனியை ஆட்டிப் பார்த்து, திரும்பத் திருப்பி என்று போனது. நுனியில் அசைவு இல்லை, லாக்கை விலக்கியதும் அலகு தன் எடையிலேயே பாதி வரை விழுகிறது என்ற இடத்தில் நிறுத்தினேன். இதெல்லாம் திரவம் பிடிக்கத் தொடங்குவதற்குள் முடிய வேண்டும். பிடித்த பிறகு அசைத்தால் அந்தப் படலம் உடைந்துவிடும், திரும்பக் கழற்றித் துடைத்துத்தான் போட வேண்டும். சாதா எஃகில் அரை மணிக்குள் பிடிக்கும். துருப்பிடிக்காத எஃகிலும் டைட்டானியத்திலும் மிகத் தாமதம். எதுவானாலும் 24 மணி நேரம் கத்தியை வேலைக்கு எடுக்காமல் வைப்பது நல்லது.

குழல் சுழல்வதை நான் தடுக்கவில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். வட்டத் துளையைத் தட்டையாக்க வழியில்லை. ஸ்க்ரூவும் குழலும் ஒன்றாகப் பூட்டப்பட்டதால், இனி சுழன்றாலும் இரண்டும் சேர்ந்தே சுழலும், ஒன்றில் இருந்து ஒன்று கழலாது. துரு போனதால் சுழலவும் காரணம் குறைந்துவிட்டது.

பிறகு

புதிதாகக் கோடு போட்டு அனுப்பினேன். அது ஒட்டு மும்முரமாக நடக்கும் மழைக்காலம். மாம்பழக்கூழ் ஆலைகளில் இருந்து வந்த கொட்டைகளை ஊன்றி முளைத்த செடிகள் வரிசை வரிசையாகக் காத்திருக்கும், கத்திக்கு ஓய்வே இருக்காது. சீசன் நடுவில் பார்த்தபோது அச்சின் இரு கோடுகளும் சேர்ந்து கொஞ்சம் திரும்பியிருந்தன, நுனியில் ஆட்டம் இல்லை. எதிர்பார்த்தது அதுதான். கிளிப்பில் புது எம்2.5 ஸ்க்ரூ அசையவில்லை. பழைய எம்2 ஒன்றில் கோடு லேசாக விலகியிருந்தது. அந்தத் துளையின் மரையும் பாதி தேய்ந்ததே. அதைத் துடைத்துத் திரும்ப ஊதா வைத்தேன். அடுத்த முறை அசைந்தால் அதற்கும் எம்2.5 டேப்தான்.

பக்கெட்டில் முக்குவதை மாமா விட்டுவிட்டார். ஈரத்துணியில் துடைத்து, உடனே காய்ந்த துணியில் துடைக்கிறார். வாரக் கடைசியில் அச்சின் இரு பக்கமும் ஒரு சொட்டு தையல் மெஷின் எண்ணெய். அத்தை தேங்காய் எண்ணெய் போதாதா என்று கேட்டார். அது நாளாக நாளாகப் பிசினாகும், மார்கழிக் குளிரில் ஓசூர்ப் பக்கம் உறைந்தே போகும். அதனால் வேண்டாம் என்று சொன்னேன்.

பக்கத்து நாற்றங்காலில் இருந்தும் ஆடுகிற கத்திகள் வந்தன. சிலவற்றில் ஸ்க்ரூவே இல்லை, ரிவெட் அடித்தவை. சுவிஸ் ராணுவக் கத்திகளும் அப்படித்தான் ரிவெட்டில் நிற்கின்றன. அவற்றில் இந்த வைத்தியம் செல்லாது. இரும்புப் பட்டடை மேல் வைத்து ரிவெட்டின் தலையைச் சின்னச் சுத்தியால் மெல்ல மெல்லத் தட்டி அகலமாக்கினால் ஆட்டம் குறையும். ஒரு தட்டு அதிகமானால் அலகு இறுகிவிடும், திருப்பித் தளர்த்த வழி கிடையாது. அதனால் ஒவ்வொரு தட்டுக்கும் திறந்து பார்க்க வேண்டும்.

மாமாவின் கத்தியில் இனி பார்க்க வேண்டியது வாஷர். கீறல் விழுந்த அந்த ஒன்று தேய்த்துச் சமமாக்கியதில் சற்று மெலிந்துவிட்டது. இப்போதைக்கு அச்சை முறுக்கி அதைச் சரிக்கட்டியிருக்கிறது. அடுத்த சீசனுக்கு முன் அதே கனத்தில் பாஸ்பர் வெண்கலத் தகடு வாங்கி, இரண்டு வாஷரையும் சேர்த்து மாற்றுவதாகச் சொல்லியிருக்கிறேன். ஒன்றை மட்டும் மாற்றினால் கனம் சமமில்லாமல் அலகு கைப்பிடிக்குள் ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கும்.